ஓ.எம்.ஆரில் உங்களுக்கு யாரைத் தெரியும்?

“ஹாய் அண்ணா, உங்க கம்பெனில ஃப்ரெஷர் ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க. ரெஸ்யூம் அட்டாச் பண்ணியிருக்கேன்.”

சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் நாலைந்து வருடம் வேலை பார்த்த எவருடைய போனிலும் இப்படி ஒரு செய்தி கிடக்கும். அனுப்பியது அதே காலேஜில் படித்த ஜூனியராக இருக்கலாம், ஊரில் சித்தப்பாவுடைய நண்பரின் மகளாக இருக்கலாம். பெரும்பாலும் அதற்குப் பதில் போயிருக்காது. பதில் போடாதவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், எந்த வேலைக்குச் சொல்வது, மேனேஜர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதற்கு அந்தச் செய்தியில் ஒரு தகவலும் இல்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டது அப்படியே கீழே இறங்கி மறைந்துபோகிறது. அந்தப் பக்கம் ஒருவர் நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு நாட்களை எண்ணுகிறார்.

ஐ.டி. துறையில் வேலைக்குள் நுழைய, நுழைந்த இடத்தில் வளர, வேலை போனால் எழுந்து நிற்க, மூன்றுக்குமே மனிதர்களின் துணை வேண்டும். இதைச் சிபாரிசு என்று நினைத்துக் கூச்சப்பட்டே வாய்ப்பை இழப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். லிங்க்ட்இன்னில் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருந்தும், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவரும் இல்லாதவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்களோடு வேலை பார்த்தவர் உங்களைப் பற்றி மனதில் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் இந்தத் துறையில் உறவு. விசிட்டிங் கார்டாலும் விருந்தாலும் அதை மாற்றி எழுத முடியாது.

கம்பெனிக்குள் இருப்பவர் ஆள் சொல்லும் ரெஃபரல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கூச்சம் போய்விடும். கம்பெனியின் உள் போர்ட்டலில் ஊழியர் உங்கள் பெயர், மெயில், போன் நம்பர், எந்த வேலைக்கு என்ற ஜாப் ஐ.டி. ஆகியவற்றைப் பதிவு செய்கிறார். அதே ஆள் கடந்த சில மாதங்களில் ஏதாவது கன்சல்டன்சி வழியாகவோ நேரடியாகவோ ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் பல கம்பெனிகளில் அந்த ரெஃபரல் செல்லாது. கண்ட இடத்திலெல்லாம் ரெஸ்யூமை அள்ளி வீசிவிட்டு, கடைசியில் அண்ணனிடம் வந்து நிற்பவர்கள் தங்களுக்குத் தெரியாமலே அந்தக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ரெஃபரல் செல்லுபடியானால், குவிந்து கிடக்கும் ரெஸ்யூம்களில் உங்களுடையதை ரெக்ரூட்டர் முன்கூட்டியே எடுத்துப் பார்ப்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதே டெஸ்ட், அதே இன்டர்வியூ. தேறிச் சேர்ந்து, குறிப்பிட்ட காலம் தங்கினால், ரெஃபர் செய்தவருக்குப் போனஸ் உண்டு. வெளி ஏஜென்சிக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிட அது குறைவு என்பதால் கம்பெனிக்கும் லாபம்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் ரெஃபர் செய்தவரின் பெயர் அந்தப் பதிவில் கடைசிவரை இருக்கும். அவர் உங்களுக்காகக் கொடுப்பது அந்தப் பெயரைத்தான். அதனால் கேட்கிற செய்தியும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் தேடி ஜாப் ஐ.டி.யை நீங்களே எடுத்துக் கொடுங்கள். நீங்கள் செய்த ஒரு ப்ராஜெக்ட்டை இரண்டு வரியில் சொல்லி, கோட் இருக்கும் கிட்ஹப் லிங்க்கை வையுங்கள். ‘பொருந்தாது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள் அண்ணா, இன்னும் என்ன படிக்க வேண்டும் என்று சொன்னாலே போதும்’ என்று எழுதிப் பாருங்கள். பதில் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். இதைவிட முக்கியமானது, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை அவரிடம் சொல்வது. பத்துப் பேருக்கு உதவியவரைக் கேட்டால், திரும்பி வந்து சொன்னவர்கள் ஒருவரோ இருவரோதான் என்பார். அந்த இருவரை அவர் மறக்கவே மாட்டார்.

தூரத்து நட்பு

வேலை என்றதும் நமக்கு நெருங்கியவர்களின் ஞாபகம்தான் முதலில் வரும். மாமா, ரூம்மேட், கிளாஸ்மேட். ஆனால் வேலைச் செய்தி பெரும்பாலும் வருவது அவர்களிடமிருந்து இல்லை என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில், வேலை மாறியவர்களிடம் அவர் பேசினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், ‘அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்போம் என்றவர்கள் 27.8 சதவீதம். 1973இல் வெளியான அவருடைய கட்டுரை சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று.

காரணம் எளிமையானது. ரூம்மேட்டுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். இருவரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறீர்கள். மூன்று வருடம் முன்பு பக்கத்து டீமில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்து, இப்போது கோயம்புத்தூரிலோ பெங்களூருவிலோ இருக்கிறவருக்குத்தான் நீங்கள் கேள்விப்படாத கம்பெனியின் கதை தெரியும்.

இது பழைய அமெரிக்கக் கதை, நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 2022 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. லிங்க்ட்இன், எம்.ஐ.டி., ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பேரின் லிங்க்ட்இன் தொடர்புகளையும் அவர்களுடைய வேலை மாற்றங்களையும் வைத்துப் பார்த்தார்கள். நெருக்கமும் இல்லாமல், முற்றிலும் அந்நியமாகவும் இல்லாமல், நடுவாந்தரமாகத் தெரிந்தவர்கள்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவினார்கள் என்று தெரியவந்தது. அந்த ஆய்வில் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கணினியும் மென்பொருளும் அதிகமாகப் புழங்கும் தொழில்களில்தான் இந்தத் தூரத்துத் தொடர்புகளின் பலன் கூடுதலாக இருந்தது. மற்ற தொழில்களில் நெருங்கிய உறவுகள் கை கொடுத்தன.

அப்படியானால் அந்த நடுவாந்தரமான ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? வெறும் இன்வைட் அனுப்பிச் சேர்த்தவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஒரு காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்து, பிறகு பிரிந்து போனவர்கள்தான் வருவார்கள். அதனால் இதற்கான வேலை இன்று நீங்கள் இருக்கும் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

நோட்டீஸ் பீரியட்டின் கடைசி வாரங்கள்

ஒரு மனிதரைப் பற்றி ஐ.டி. உலகம் கடைசியாக எழுதிக்கொள்ளும் குறிப்பு, அவர் வேலையை விட்டுப் போகும்போது எழுதப்படுகிறது. பல பெரிய கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். கையில் புது ஆஃபர் இருக்கும். மனசு ஏற்கெனவே அங்கே போயிருக்கும். இங்கே மிச்சமிருப்பது கே.டி. என்று எல்லோரும் சொல்லும் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் மட்டும்.

இதைச் செய்வதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் டீம்ஸில் ஸ்க்ரீனைப் பகிர்ந்து நாற்பது நிமிடம் வேகமாகப் பேசி, ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு ‘கே.டி. கம்ப்ளீட்டட்’ என்று மெயில் அனுப்பிவிடுவார். இன்னொருவர் ஜூனியரிடம் கீபோர்டைக் கொடுத்து, “நீ ரன் பண்ணு, நான் பார்க்கிறேன்” என்று பக்கத்தில் உட்காருவார். மாதக் கடைசி இரவில் ஓடும் அந்த ஜாப் ஏன் சில சமயம் நின்றுவிடுகிறது, எந்த ஃபைலை ஏன் தொடக்கூடாது, கிளையன்ட் பக்கம் உண்மையில் முடிவெடுப்பவர் யார், எந்த மெயிலுக்கு உடனே பதில் போட வேண்டும் என்பதெல்லாம் எந்த டாக்குமென்ட்டிலும் இருக்காது. அதையெல்லாம் இவர் சொல்லிக் கொடுப்பார். கிளம்பும்போது தன் சொந்த நம்பரைக் கொடுத்து, “முதல் மாசக் கடைசியில சிக்கல் வந்தா கூப்பிடு” என்பார்.

அந்த ஜூனியர் நாலு வருடத்தில் வேறு கம்பெனியில் இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்திருப்பார். இந்தத் துறையில் ஆட்கள் மாறும் வேகத்துக்கு இது அதிசயமே இல்லை. அன்றைக்கு அவர் முன்னால் எந்த வகை சீனியரின் ரெஸ்யூம் வந்தால் என்ன சொல்வார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ப்ரொடக்‌ஷனில் கோளாறு வந்த ராத்திரியும் அப்படித்தான். எல்லோரையும் இணைக்கும் பிரிட்ஜ் காலில் இருபது பேர் இருக்கிறார்கள். கிளையன்ட் மேனேஜரின் குரல் ஏறிக்கொண்டே போகிறது. மியூட் போட்டுவிட்டுத் தன் கோட் இல்லை என்பதற்கான ஆதாரத்தை மட்டும் தேடுகிறவர்கள் உண்டு. “சாயங்காலம் போன சேஞ்ச் என்னுடையது. ரோல்பேக் பண்ணிப் பார்க்கிறேன், பத்து நிமிஷம் கொடுங்க” என்று வாய் திறக்கிறவரும் உண்டு. அந்த ஒரு வாக்கியம் அந்த இருபது பேர் மனதிலும் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் இப்படிச் சொன்னவரை மறுநாள் அப்ரைசலில் அடிக்காத மேனேஜர் வேண்டும். கூகுள் தன் 180 டீம்களை வைத்து ஆராய்ந்தபோது, நல்ல டீமுக்கு முதல் அடையாளமாகக் கண்டது இதைத்தான். தப்பை ஒப்புக்கொள்ளவும் தெரியாததைக் கேட்கவும் பயமில்லாத சூழல். திறமைசாலிகளைக் குவித்து வைப்பது அதற்குப் பின்னால்தான் வந்தது.

கோட் ரிவ்யூவில் எழுதும் வார்த்தைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இதை ஏன் இப்படி எழுதினாய்?’ என்று மொட்டையாகக் கேட்பதற்கும், ‘இந்த லூப் ஆயிரம் ரெக்கார்டுக்கு மேல் போனால் ஸ்லோ ஆகும், இப்படி மாற்றலாமா?’ என்று காரணத்தோடு எழுதுவதற்கும் இடையே அரை நிமிடம்தான் வித்தியாசம். முதல் வகைக் கேள்வியை நாலு முறை வாங்கிய ஜூனியர், ஐந்தாவது முறை உங்களிடம் எதையும் காட்டவே மாட்டார்.

நம் பிள்ளைகளிடம் ஒரு குறிப்பிட்ட பழக்கத்தைப் பார்க்கிறேன். கிளையன்ட் காலில் எதைக் கேட்டாலும் ‘ஷ்யூர், வில் டூ’ என்பார்கள். வெள்ளிக்கிழமை முடியாது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. பெரியவர்களிடம் முடியாது என்று சொல்லாமல் வளர்ந்த மரியாதைதான் இதற்குக் காரணம். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் வெள்ளிக்கிழமையை நம்பித் தன் மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருப்பார். செவ்வாய்க்கிழமை, ‘இந்தத் தேதி நடக்காது, இந்த இரண்டு வேலையை மட்டும் முடித்துத் தருகிறேன், மீதி அடுத்த வாரம் புதன்கிழமை’ என்று சொல்கிறவர்மேல்தான் நம்பிக்கை பிறக்கும். அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மேனேஜர் தன் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கிறார் என்றால், கேட்கப்படுபவர் இவர்தான்.

ஒரே டீமிலிருந்து ஒரு கம்பெனி

ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் பிறந்த கதையைச் சென்னையில் பலரும் அறிவார்கள். 2010இல் ஜென்டெஸ்க் என்ற அமெரிக்க நிறுவனம் தன் மென்பொருளின் விலையை ஏற்றியபோது வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அது பற்றி இணையத்தில் யாரோ எழுதிய கருத்தைப் படித்த கிரீஷ் மாத்ருபூதம், இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று முடிவெடுத்தார். பேச்சில் எல்லோரும் இந்தக் கருத்தைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கருத்தை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். கிரீஷோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கிய ஷான் கிருஷ்ணசாமி, சென்னை மென்பொருள் நிறுவனமான ஜோஹோவில் அவரோடு வேலை பார்த்தவர். யோசனை யாருக்கும் வரலாம். அதைக் கட்டித் தரக்கூடியவர் யார், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு நம் பேச்சை நம்பி வரக்கூடியவர் யார் என்பது சேர்ந்து வேலை பார்த்த காலத்தில்தான் தெரியும். அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. 2011இல் சென்னையில் நால்வர் சேர்ந்து தொடங்கிய சார்ஜ்பீ என்ற மென்பொருள் நிறுவனத்தின் பின்னணியிலும் பழைய ஜோஹோ நாட்களின் தொடர்பு உண்டு.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன் ரகசியத் தகவல்களை ஃப்ரெஷ்வொர்க்ஸ் பயன்படுத்தியதாக ஜோஹோ 2020இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2021இல் அது சமரசத்தில் முடிந்தது. பழைய கம்பெனியின் நட்பை எடுத்துக்கொண்டு போகலாம். வாடிக்கையாளர் பட்டியலையும் கம்பெனியின் கோட் வரிகளையும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. இந்த எல்லைக் கோட்டை எங்கே போட வேண்டும் என்பதை வேலை மாறுகிற ஒவ்வொருவரும் மனதில் வைத்திருப்பது நல்லது.

வெளியே நிற்பவர்கள்

உறவு முக்கியம் என்று சொல்லும்போது, அந்த உறவு எங்கே வளர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டீக்கடை வாசலில், சிகரெட் பிடிக்கும் மூலையில், சனிக்கிழமை கிரிக்கெட்டில், ராத்திரி பதினொரு மணி அரட்டையில். அடுத்த ரிலீஸை யார் லீட் செய்வது என்ற பேச்சு அங்கேதான் அடிபடுகிறது. ஆறரை மணி கேபைப் பிடித்து வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டிய பெண் அங்கே இருக்க முடியாது. 2017இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. முடிந்து திரும்பி வரும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்த மாட்யூல் இன்னொருவர் கையில் இருக்கும். அதைத் திரும்பக் கேட்டால், ‘இப்போதைக்குச் சப்போர்ட் வேலையைப் பாருங்களேன், ஈஸியா இருக்கும்’ என்று அக்கறையாகவே சொல்லுவார்கள். அந்த அக்கறை அவளுடைய இரண்டு அப்ரைசலைத் தின்றுவிடும். டீம் லீட்கள் நினைத்தால் இதை நாளைக்கே மாற்றலாம். முடிவு எடுக்கும் பேச்சை வேலை நேரத்துக்குள் வையுங்கள். பேசியதை எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். திரும்பி வருகிறவரிடம், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டு வேலையைப் பிரியுங்கள்.

‘நம்ம ஆளு’ என்ற சொல்லும் இப்படித்தான் ஆட்களை வெளியே நிறுத்துகிறது. எந்தக் காலேஜ், எந்த ஊர் என்று நீளும் விசாரிப்பு, சில வாய்களில் சாதியைத் தேடிப் போகிறது. 2020இல் கலிஃபோர்னியா அரசுத் துறை ஒன்று, சாதிப் பாகுபாடு காட்டியதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு பொறியாளர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் அதை மறுத்தது. இருவர் மீதான வழக்கை 2023இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வழக்கு எப்படிப் போனாலும், நம் அலுவலகங்களில் இந்தக் கேள்விகளை எதிர்கொண்டவர்களுக்கு விஷயம் புதிதில்லை. பிறப்பைப் பார்த்துத் திறக்கிற கதவைத் தொழில் உறவு என்று அழைக்க நான் தயாராக இல்லை.

அப்படிப்பட்ட கதவு இல்லாதவர்களுக்கு இந்தத் துறையில் வேறு வழியும் இருக்கிறது என்பது ஆறுதல். ஓப்பன் சோர்ஸ் உலகில் உங்கள் கோட் ஏற்கப்பட்டால் அதில் உங்கள் பெயர் இருக்கும். யாருடைய மகன், எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்பதில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990களின் கடைசியிலிருந்து கூடிவருகிறது. பைத்தான் நிரலாளர்களுக்குச் சென்னைப்பை என்ற குழு மாதாமாதம் கூடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதும் ‘கணியம்’ இணைய இதழ் 2012இலிருந்து வருகிறது. எழுத ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். தேசிய அளவிலான பைகான் இந்தியா மாநாடு 2019இல் சென்னையிலேயே நடந்தது. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு முதல் தடவை போகிறவர் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் பலன் குறைவு. அடுத்த மாதம் நாற்காலி போடுவதற்கு உதவுங்கள். மூன்றாவது மாதம், நீங்கள் சிக்கித் தவித்து வெளியே வந்த ஒரு பிழையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். அதற்குப் பிறகு உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

நடுவயதில் இருப்பவர்களுக்கு, தன் கம்பெனிக்கு வெளியே ஆட்களைத் தெரிந்துவைத்திருப்பது இன்னும் அவசரம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. பாதிப்பு பெரும்பாலும் நடுநிலை, உயர்நிலைப் பதவிகளில் என்றார்கள். பதினைந்து வருடம் ஒரே அக்கவுன்ட்டில், ஒரே கிளையன்ட்டோடு உழைத்தவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதே மாடியில் இருப்பார்கள். அந்த மாடி மொத்தமாக ஆடும்போது பிடித்துக்கொள்ள வெளியே ஆள் வேண்டும். வேலை போன வாரத்தில், ஏழு வருடமாகப் பேசாத நண்பருக்குப் போன் போடுவது எவ்வளவு கசப்பானது என்று போட்டவர்களுக்குத் தெரியும். வேலை நன்றாக இருக்கும் இந்த வாரத்திலேயே ஒரு பழைய சகாவைக் கூப்பிட்டு, ஒன்றும் கேட்காமல், எப்படி இருக்கிறாய் என்று விசாரித்துவிடுங்கள்.

மூத்தவர்களிடம் ஒரு கோரிக்கை. 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது உள்ளே போன பலர் தங்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள். வழி சொல்ல அவர்களுக்கு யாரும் இல்லை. இன்று அவர்கள் டைரக்டர்கள், ஆர்க்கிடெக்ட்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வழிகாட்டி இருக்கிறார். திருவாரூரிலோ தர்மபுரியிலோ அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பெண்ணுக்கு இன்றும் ஓ.எம்.ஆரில் ஒருவரையும் தெரியாது. பெரிய கம்பெனிகளின் கேம்பஸ் இன்டர்வியூ அந்தப் பக்கம் அபூர்வமாகத்தான் எட்டிப் பார்க்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி, நீங்கள் படித்த கல்லூரிக்குப் போங்கள். முதல்வரிடம் அனுமதி வாங்கி, இறுதியாண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ரெஸ்யூம் எப்படி எழுதுவது, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், உங்கள் கம்பெனியில் என்ன வேலை நடக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். வரும்போது உங்கள் மெயில் ஐ.டி.யை போர்டில் எழுதிவிட்டு வாருங்கள்.